வேலையை விட்டுப் பாய்ப்படகில் நெடும்பயணம்: லங்காவியிலிருந்து கிளம்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் லங்காவித் தீவிலுள்ள படகுப்பட்டறைகளில் ஆண்டு தவறாமல் சிலரைப் பார்க்கிறேன். வேலையை விட்டு, சேமிப்பைப் போட்டுப் படகு வாங்கியிருப்பார்கள். கரையேற்றிய படகின் மேலேயே ஒரு பருவம் முழுவதையும் கழித்துவிட்டு, கடலுக்குப் போகாமலே அதை விற்க ஆள் தேடுவார்கள். பணத்துக்கோ துணிவுக்கோ அவர்களிடம் குறைவில்லை. முதலில் ராஜினாமா, அடுத்து படகு, பிறகு பயிற்சி, கடைசியாகக் காற்றின் காலம் என்று வரிசையைத் தலைகீழாக எடுத்துக்கொண்டதுதான் அவர்களைக் கரையில் நிறுத்தியது.

இருவர் செல்லக்கூடிய, 34 முதல் 40 அடி நீளமுள்ள பழைய படகை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். முதலில் லங்காவிக்கும் தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் இடைப்பட்ட கடல். மனமிருந்தால் அடுத்து வங்காள விரிகுடாவைக் கடந்து இலங்கை. நீங்கள் கோலாலம்பூரில் வேலை பார்த்தாலும் சென்னையில் பார்த்தாலும் படிகள் இவைதான். சில ஆவணங்கள் மட்டும் மாறும்.

1. கிளம்பும் மாதத்தைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள்

டிசம்பர் முதல் மார்ச் வரை அந்தமான் கடலிலும் வங்காள விரிகுடாவின் தென்பகுதியிலும் வாடைக்காற்று சீராக வீசும். மேற்கே போகும் படகுக்கு அது பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வரும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேர் எதிரே அடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், ஏப்ரல், மே மாதங்களிலும் விரிகுடாவில் புயல்கள் உருவாகும். எனவே இலங்கைக்குக் கிளம்ப நல்ல காலம் ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரைதான்.

பிப்ரவரியில் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு முன் நவம்பரிலிருந்து ஜனவரி வரை ஒத்திகைக்கு வேண்டும். ஒத்திகைக்கு முன், செப்டம்பர் அல்லது அக்டோபரில், படகைக் கரையேற்றி அடிப்பாகத்துக்கு வண்ணம் பூச வேண்டும். அப்படியானால் அலுவலகத்தில் கடைசி நாள் அக்டோபர் இறுதி. மூன்று மாத அறிவிப்புக் காலம் உள்ள நிறுவனமாக இருந்தால் கடிதம் ஜூலையில் போக வேண்டும். படகோ அதற்கு முந்தைய ஆண்டே கைக்கு வந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மார்ச்சில் போனஸ் வாங்கிக்கொண்டு ஏப்ரலில் வேலையை விடுகிறவர்களுக்கு எட்டு மாதம் சம்பளமும் இராது, மேற்கே போகக் காற்றும் இராது. அந்த எட்டு மாதத்தில்தான் சேமிப்பு கரைகிறது.

2. படகு வாங்குமுன் அடுத்தவர் படகில் ஏறுங்கள்

சென்னையில் இருப்பவர்கள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் சிறிய பாய்ப்படகிலிருந்து தொடங்கலாம். சிறு படகில் காற்று ஒரு விரற்கடை திரும்பினாலும் உடம்புக்குத் தெரியும். பெரிய படகு அதை மறைத்துவிடும். அதன் பிறகு பிரிட்டனின் ஆர்.ஒய்.ஏ. (ராயல் யாட்டிங் அசோசியேஷன்) அமைப்பின் பயிற்சிகளில் காம்பிடென்ட் குரூ (படகில் உதவியாளராக), டே ஸ்கிப்பர் (பகலில் படகை நடத்துபவராக) இரண்டையும் முடியுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து நாள் கடல் பயிற்சி. டே ஸ்கிப்பருக்கு முன்பே வரைபடம், கடலேற்றக் கணக்கு, கடல் விதிகள் அடங்கிய பாடப் பகுதியை முடித்துவிட வேண்டும். கடலில் அதைச் சொல்லித்தர நேரம் இராது. படகிலிருந்து பேசப் பயன்படும் வி.எச்.எஃப். வானொலிக்கான சான்றிதழும் தேவை.

பிறகு, சேர்ந்து போகப்போகும் இருவரும் ஒரே படகில் இரண்டு வாரம் தொடர்ந்து வாழ்ந்து பாருங்கள். வாடகைப் படகாக இருக்கலாம், உதவிக்கு ஆள் தேடும் உரிமையாளரின் படகாகவும் இருக்கலாம். வார இறுதிப் பயணங்கள் போதாது. ஈரத் துணி, குறைந்த தண்ணீர், தூக்கமின்மை, ஒருவர் மேல் ஒருவருக்கு வரும் எரிச்சல் எல்லாம் ஐந்தாறு நாளுக்குப் பிறகே தலைகாட்டும்.

தம்பதியரில் ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டு மற்றவர் பயணிபோல உடன் வருவதுதான் நான் கண்ட தவறுகளிலேயே ஆபத்தானது. கற்றவர் கடலில் விழுந்தால் அவரைத் தூக்க வேண்டியவர் கல்லாதவர். இஞ்சினை இயக்குவது, பாயை இறக்குவது, திரும்பி வந்து நீரில் கிடப்பவர் அருகே படகை நிறுத்துவது, வானொலியில் அபாய அழைப்பு விடுப்பது ஆகிய நான்கையும் இருவரும் தனியாகச் செய்ய வேண்டும். அது முடியும்வரை படகு பார்க்கப் போகாதீர்கள்.

3. பணத்தை நான்காகப் பிரியுங்கள்

படகின் விலை, முதல் ஆண்டுச் சீரமைப்பு, மாதச் செலவு, திரும்பி வந்தால் கரையில் வாழ்க்கையை மறுபடி தொடங்கத் தேவையான தொகை ஆகிய நான்கும் தனித்தனிக் கணக்கில் இருக்கட்டும். நான்காவதைத் தொடாதீர்கள். அது இருந்தால்தான், போதும் என்று தோன்றும் நாளில் அச்சமின்றிப் படகை விற்க முடியும்.

படகுக்கென்று ஒதுக்கிய பணத்தில் பாதிக்குமேல் விலைக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து. உதிரிப் பொருளின் விலை படகின் நீளத்தைப் பொறுத்தது. படகின் வயதைப் பார்த்து எதுவும் குறைவதில்லை. 20,000 டாலருக்கு வாங்கிய 40 அடிப் படகுக்கும் 2,00,000 டாலருக்கு வாங்கிய 40 அடிப் படகுக்கும் பாய்மரக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே விலைதான். மலிவாகக் கிடைத்தது என்று பெரிய படகை வாங்குகிறவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். பராமரிப்புக்கு ஆண்டுக்குப் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு என்பது படகுக்காரர்களிடையே வழங்கும் பொதுக்கணக்கு. பழைய படகுக்கு அதுவும் போதாமல் போகலாம்.

இந்தியாவில் வசிப்பவர்கள் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் வங்கி வரியை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். அந்தப் பணம் வரிக்கணக்கு முடியும்வரை கைக்கு வராது. படகின் முன்பணத்தையும் மீதியையும் எப்போது அனுப்புவது என்று தணிக்கையாளரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொன்று: அலுவலகம் தரும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு நின்றுவிடும். சொந்தக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் சம்பளம் வரும் நாட்களிலேயே ஓடட்டும்.

4. படகை மழைக்காலத்தில் பாருங்கள்

மே முதல் அக்டோபர் வரை லங்காவியிலும் புக்கெட்டிலும் பல படகுகள் கரையேறி நிற்கும். வாங்க வருவோர் குறைவு. பேரம் பேச இடமுண்டு. அதைவிடப் பெரிய நன்மை, மழை பெய்யும்போது படகுக்குள் உட்கார்ந்து பார்க்கலாம். மேல்தளத்தில் எங்கெங்கே ஒழுகுகிறது என்பதை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார், மழை சொல்லிவிடும்.

படகின் நிலையை ஆய்ந்து சொல்லும் சர்வேயரை அழைக்குமுன் நீங்களே ஒரு சுற்றுப் பாருங்கள். மேல்தளத்தை வெறுங்காலால் மிதித்து நடந்தால், உள்ளே மரம் உளுத்த இடம் மெத்தென்று அமுங்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் நல்ல இடத்தில் ஒலி கணீரென்றும், உளுத்த இடத்தில் மொத்தென்றும் கேட்கும். படகின் அடியில் கனமாக இறங்கி நிற்கும் கீல் என்ற பகுதி உடலோடு சேரும் கோட்டில் துருக்கறையோ வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் புகும் வால்வுகள் ஒவ்வொன்றையும் திறந்து மூடுங்கள். பித்தளை வால்வு உப்புநீரில் துத்தநாகத்தை இழந்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், ஓர் உதையில் உடையும் நிலையில் இருக்கிறது என்று பொருள்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் வயதைக் கேளுங்கள். பத்து ஆண்டைத் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். பல காப்பீட்டு நிறுவனங்களும் அந்த வயதுக்குமேல் ஏற்பதில்லை. கம்பிகள் உடலோடு இணையும் எஃகுப் பட்டைகள் தளத்துக்குள் மறைந்திருக்கும் இடத்தில்தான் அரிக்கும். சுழலி நேரே உடலின் அடியில் இறங்கும் செயில்டிரைவ் வகை இஞ்சின் என்றால், உள்ளே நீரைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். வோல்வோ நிறுவனம் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது.

இந்தச் சுற்றிலும் படகு தேறினால், வாங்க விரும்புவதாக எழுத்தில் கொடுங்கள். சர்வேயும் கடல் ஓட்டமும் திருப்தியாக இருந்தால் மட்டுமே வாங்குவேன் என்ற நிபந்தனை அதில் இருக்க வேண்டும். முன்பணம் பொதுவாகப் பத்து சதவீதம். அது விற்பனையாளரின் சொந்தக் கணக்குக்குப் போகாமல் தரகர் அல்லது வழக்கறிஞரின் பொறுப்புக் கணக்கில் இருக்கட்டும். சர்வேயரை நீங்களே தேர்ந்தெடுங்கள். விற்பவரோ தரகரோ பரிந்துரைப்பவர் வேண்டாம். கடல் ஓட்டத்தின்போது இஞ்சின் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். நீங்கள் வருமுன்பே சூடேற்றி வைத்திருந்தால் அன்றைய ஓட்டத்தை ஒத்திவையுங்கள். குளிர்ந்த நிலையில் சிரமப்படும் இஞ்சினை அப்படித்தான் மறைப்பார்கள்.

5. ஆவணங்கள்: படகுக்கு வேறு, உங்களுக்கு வேறு

படகுக்கு ஒரு நாட்டில் பதிவும் அதன் கொடியும் வேண்டும். விற்பனைப் பத்திரம், முந்தைய பதிவு நீக்கச் சான்று, கடன் பாக்கி இல்லை என்பதற்கான ஆதாரம் ஆகிய மூன்றும் கைக்கு வரும்வரை மீதிப் பணத்தைத் தராதீர்கள். பல பழைய படகுகள் கைமாறிக் கைமாறி வந்தவை. நடுவில் ஒரு பத்திரம் காணாமல் போயிருந்தால் அடுத்த துறைமுகத்தில் படகு உங்களுடையது என்று காட்ட முடியாது.

லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. அங்கே படகை வைத்திருப்பது எளிது. ஆனால் படகு தங்கலாம் என்பதாலேயே நீங்கள் தங்கிவிட முடியாது. படகுக்கான சுங்க அனுமதியும் உங்கள் கடவுச்சீட்டில் விழும் முத்திரையும் வெவ்வேறு நாட்களில் முடியும். இரண்டையும் ஒரே நாட்காட்டியில் எழுதுங்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். வந்திறங்கியதும் தரும் விசாவும் மின்விசாவும் பல நாடுகளில் குறிப்பிட்ட விமான நிலையங்களுக்கும் சில துறைமுகங்களுக்கும் மட்டுமே செல்லும். விமானத்தில் போனபோது எளிதாகக் கிடைத்தது, படகில் போகும்போதும் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். போகும் துறைமுகத்தின் பெயரைக் குறிப்பிட்டு, கடல்வழி வருவதாகச் சொல்லி, தூதரகத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

6. வேலையில் இருந்துகொண்டே படகைச் சீராக்குங்கள்

படகு வாங்கியதும் வேலையை விடும் ஆசை வரும். பொறுங்கள். சீரமைப்பின் பெரிய செலவுகள் முதல் ஆண்டில் வருபவை. அந்த ஆண்டில் சம்பளம் வேண்டும்.

என் வரிசை இது. முதலில் தண்ணீரை வெளியே வைப்பவை: வால்வுகள், குழாய்கள், அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்புகள். அடுத்து படகை நிறுத்துபவை: நங்கூரமும் சங்கிலியும். அடுத்து ஓட்டுபவை: கம்பிகள், பாய்கள், சுக்கான், இஞ்சின். அதன் பிறகு மின்சாரம். குளிர்பெட்டி, கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி, புதிய மெத்தை உறை எல்லாம் கடைசி. மெத்தையிலிருந்து தொடங்குகிறவர்கள் பலர்; கண்ணுக்கு உடனே பலன் தெரியும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். பணமும் அங்கேயே தீர்ந்துபோகிறது.

இஞ்சின் கோளாறுகளில் பெரும்பாலானவை அழுக்கு டீசலாலும் குளிர்நீர் ஓட்டம் தடைபடுவதாலும் வருபவை. பழைய படகின் டீசல் தொட்டியைத் திறந்து அடியில் உள்ள கசடை வழித்தெடுங்கள். வடிகட்டியை மாற்றிக் காற்றை வெளியேற்றுவதையும், நீர் பம்பின் உள்ளே சுழலும் ரப்பர் இம்பெல்லரை மாற்றுவதையும் மரீனா எனும் படகுத்துறையிலேயே கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள். அலையில் ஆடும் இருட்டில் அதே வேலை வரும்.

மின்சாரத்துக்கு, இரண்டு பேர் குளிர்பெட்டியுடன் வாழ நாளொன்றுக்கு 12 வோல்ட்டில் 100 முதல் 150 ஆம்பியர்-மணி வரை செலவாகும். இந்தப் பகுதி வெயிலில் 400 வாட் சூரியத் தகடுகள் ஏறக்குறைய அந்த அளவைத் தரும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கக் கூடாது. இறக்கினால் ஆயுள் குறையும்.

7. நங்கூரமிடுவதில் தேறுங்கள்

நெடும்பயணம் போகிறவர்களின் படகு பெரும்பாலான இரவுகள் நங்கூரத்தில்தான் நிற்கிறது. ஆனால் பயிற்சி வகுப்பில் இதற்குக் கிடைப்பது சொற்ப நேரம். ஆகவே இந்தப் படியில் அவசரம் வேண்டாம்.

படகோடு வந்த நங்கூரம் சிறியதாகவோ பழைய வகையாகவோ இருந்தால் மாற்றுங்கள். உற்பத்தியாளர் அட்டவணை சொல்வதற்கு ஒரு அளவு பெரியதை வாங்குங்கள். ரோக்னா, ஸ்பேட் போன்ற புதிய வகைகள் சேற்றிலும் மணலிலும் விரைவாகப் பதிகின்றன. கயிற்றுக்குப் பதில் முழுக்கச் சங்கிலி இருப்பது நல்லது. இந்தத் தீவுகளின் அடியில் பாறையும் சிப்பியும் கயிற்றை அறுக்கும்.

எவ்வளவு சங்கிலி விடுவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஆழமானி காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். லங்காவியைச் சுற்றிக் கடலேற்றம் 3 மீட்டர் வரை இருக்கும். நீர் வற்றிய நேரத்தில் 6 மீட்டர் ஆழத்தில் நிற்கிறீர்கள் என்றால், ஏற்றத்துக்கு 3 மீட்டரும் படகு மூக்கின் உயரத்துக்கு 1 மீட்டரும் சேர்த்து 10 மீட்டர். அதைப் போல ஐந்து மடங்கு, அதாவது 50 மீட்டர் சங்கிலி விட வேண்டும். காரணம், சங்கிலி தரையோடு கிடந்து நங்கூரத்தைக் கிடைமட்டமாக இழுத்தால்தான் அது புதையும். மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்துவிடும்.

விட்ட பிறகு இஞ்சினைப் பின்னோக்கி மெல்ல இயக்கி, பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்களைப் பாருங்கள். அவை ஒன்றைவிட்டு ஒன்று நகராவிட்டால் நங்கூரம் பிடித்துவிட்டது. இறுதியாக, சங்கிலியின் சுமையை ஒரு நைலான் கயிற்றுக்கு மாற்றுங்கள். இல்லையெனில் ஒவ்வோர் அலையின் குலுக்கலும் சங்கிலி இழுக்கும் இயந்திரத்தின் மேல் விழும்.

மலாக்கா நீரிணையில் பின்னிரவுகளில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ச் சூறைக்காற்று வரும். அமைதியான மாலையில் மேற்கே திறந்த குடாவில் நங்கூரமிட்டுத் தூங்கியவர்களை அது கரையை நோக்கித் தள்ளிவிடும். மேற்கே மறைப்புள்ள இடத்தையே தேடுங்கள். இருட்டில் வெளியேற வேண்டிய திசையைத் திசைகாட்டிப் பாகையாக எழுதி வைத்துவிட்டுப் படுங்கள்.

8. இப்போது கடிதம் கொடுங்கள்

படகு ஓடுகிறது, இருவரும் ஓட்டுகிறீர்கள், நான்கு பணக்கணக்கும் நிரம்பியிருக்கின்றன என்றால் இதுதான் நேரம். முடிந்தால் முதலில் ஊதியமில்லா நீண்ட விடுப்பு கேட்டுப் பாருங்கள்; மறுத்தால் ராஜினாமா. வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுங்கள். அதிகார ஆவணம் (பவர் ஆஃப் அட்டர்னி) ஒன்றை நம்பிக்கையான உறவினர் பெயரில் பதிவு செய்யுங்கள். வங்கி ஒருமுறைக் கடவுச்சொல் வரும் கைப்பேசி எண் வெளிநாட்டிலும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இந்தச் சிறு விஷயம் நின்றுபோனால் கடல் நடுவில் சொந்தப் பணத்தையே தொட முடியாது. கிளம்புமுன் மருத்துவரிடம் பற்களைக் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். தீவுகளில் பல் மருத்துவர் கிடைப்பது அரிது.

9. ஒத்திகை: லங்காவி முதல் பாங் ங்கா குடா வரை

பாங் ங்கா குடா புக்கெட்டை ஒட்டியது. வழியில் தாருதாவ், லிப்பே, ரோக், லாந்தா, பி பி எனத் தீவுகள் பகல் ஓட்டத் தொலைவில் இருப்பதால் இது நல்ல பயிற்சிக் களம். லங்காவியில் வெளியேறும் முத்திரை வாங்கி, தாய்லாந்தில் முறையாக நுழைவு செய்யுங்கள். புக்கெட்டின் சாலோங் குடாவில் சுங்கம், குடிவரவு, துறைமுக அலுவலகம் ஓரிடத்தில் இருக்கின்றன. பவளத்தின் மேல் நங்கூரம் போடாதீர்கள். தேசியப் பூங்காக்களில் மிதவைகள் இருக்கும்.

இந்த மாதங்களில் வேண்டுமென்றே சில இரவுகள் கடலிலேயே ஓடுங்கள். காற்று 10 நாட் வேகத்திலிருந்து (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) 20 நாட் வேகமாகக் கூடினால் பாயின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. எனவே பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் வந்த உடனே சுருக்குங்கள். இருட்டுமுன் ஒருமுறை கட்டாயம். இரவில் தளத்துக்கு வருகிறவர் உடலைப் படகோடு பிணைக்கும் ஹார்னஸைப் படிக்கட்டிலேயே மாட்டிவிட்டு வெளியே காலெடுத்து வைக்க வேண்டும்.

மீனவர்களின் வலைகளும் விளக்கில்லாப் படகுகளும் இங்கே அதிகம். தம் இருப்பிடத்தை மற்றப் படகுகளின் திரையில் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி பலவற்றில் கிடையாது. திரையை நம்பாமல் கண்ணால் பாருங்கள். தொடுவானத்தில் தோன்றும் சரக்குக் கப்பல் ஏறக்குறைய இருபது நிமிடத்தில் உங்களை அடைந்துவிடும்; பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முழு வட்டமும் பார்ப்பது அதனால்தான்.

ஒத்திகையில் எது உடைந்தாலும் மகிழுங்கள். பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது.

10. விரிகுடாவைக் கடத்தல்

லங்காவியிலிருந்து இலங்கையின் காலி (Galle) துறைமுகம் சுமார் 1,150 கடல் மைல். சராசரி 5 நாட் வேகத்தில் பத்து நாள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்றால் இருவருக்கு 80 லிட்டர். அதைப் போல இரண்டு மடங்கு ஏற்றுங்கள், அதுவும் ஒரே தொட்டியில் வேண்டாம். ஒரு தொட்டி கெட்டாலும் மற்றது இருக்கும்.

406 மெகாஹெர்ட்ஸ் அபாயச் சமிக்ஞைக் கருவி படகின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். பழைய உரிமையாளரின் பெயரிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சமிக்ஞை வந்தால் மீட்பு மையம் தொலைபேசியில் அழைப்பது அந்தப் பழைய உரிமையாளரைத்தான்.

மலாக்கா நீரிணையிலிருந்து இலங்கையின் தெற்கே தெய்வேந்திர முனை வரை பெரிய கப்பல்களின் பாதை ஓடுகிறது. அதற்கு வடக்கே விலகியே செல்லுங்கள். குறுக்கே போக வேண்டியபோது செங்குத்தாக, பகலில் கடந்துவிடுங்கள். நிக்கோபார் தீவுகளில் அனுமதியின்றி இறங்கக் கூடாது. ஓய்வெடுக்க ஒதுங்கலாம் என்ற எண்ணத்தை வரைபடத்தைப் பார்க்கும்போதே விட்டுவிடுங்கள். காலியில் நுழைவு முகவர் மூலமாகவே நடக்கும். கிளம்புமுன்பே ஒருவரை அமர்த்தி ஆவணங்களை அனுப்புங்கள். அங்கிருந்து செங்கடல் வழியாக ஐரோப்பா போகும் எண்ணம் இருந்தால் தள்ளிவையுங்கள். 2023 இறுதியில் தொடங்கிய தாக்குதல்களுக்குப் பிறகு அந்தப் பாதைக்குக் காப்பீடு கிடைப்பதே கடினம்.

குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முந்தைய இரவே தொடங்குங்கள்; வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கியது வயிற்றில் தங்காது. முதல் இரண்டு நாளுக்கான உணவை மரீனாவிலேயே சமைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுக வெளியேற்றச் சீட்டு வாங்கிய பிறகு வானிலை கெட்டால், சீட்டு வீணாகிறதே என்று கிளம்பாதீர்கள். அதே அலுவலகத்துக்குத் திரும்பப் போய்க் காரணத்தைச் சொல்லித் தேதியை மாற்றித் தரும்படி கேளுங்கள். இன்னொரு முத்திரைக்காக ஒரு காலைப் பொழுது வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். நில்லுங்கள்.